ஏ.வி.ஹில்: முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஓடிய நோபல் விஞ்ஞானி... உங்கள் வாட்ச்சில் இருக்கும் அந்த எண்ணின் கதை!

ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இந்த எண் பழக்கமானதுதான். லாக்டேட் த்ரெஷோல்டு. நிமிடத்துக்கு 168 துடிப்பு, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி என்று ஏதோ ஒன்றைக் காட்டும். ஆளுக்கு ஆள் மாறும். அனரோபிக் த்ரெஷோல்டு என்றும் சொல்வார்கள். அதற்குக் கீழே இருக்கும் வரை ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். தாண்டினால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், கொஞ்ச நேரத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஏன் அப்படி? ஜிம்மில் கேட்டால் ஒரு வரி பதில் ரெடியாக இருக்கும்: ஆக்சிஜன் பத்தலை, அதான் லாக்டிக் ஆசிட் சேருது.

அந்த ஒரு வரிக்கு வயது நூறு. அதை மனித ஓட்டத்தில் அளந்து அறிவியலாக நிறுத்தியவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்ற ஆங்கிலேயர். பத்தே ஆண்டுகளில், அந்த விளக்கத்தின் அஸ்திவாரமே ஆடிவிட்டது என்று எழுதி ஒப்புக்கொண்டவரும் அவர்தான். முதல் செய்தி ஜிம் வரை வந்துவிட்டது. இரண்டாவது செய்தி இன்னும் வழியிலேயே நிற்கிறது.

யார் இந்த ஹில்?

1886 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மாதான் வளர்த்தார். படிப்பில் கெட்டி. உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரிக்குப் போய்க் கணிதம் படித்தார். 1907-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரபலமான கணிதத் தேர்வில் மூன்றாம் இடம்.

அத்தோடு கணிதத்துக்கு டாட்டா! அவருடைய கல்லூரி ஆசிரியர் வால்டர் பிளெட்சர் உடலியல் ஆராய்ச்சியாளர். அவர் பேச்சைக் கேட்டு, தவளைத் தசை பக்கம் வந்துவிட்டார் ஹில். கணக்கு தெரிந்த ஒருவர் உடலியலுக்குள் நுழைந்ததுதான் இந்தக் கதையில் நடந்த முதல் நல்ல காரியம். மற்றவர்கள் தசையை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் தசைக்கு வரவு செலவு எழுத ஆரம்பித்தார்.

பிளெட்சரும் பிரெடரிக் ஹாப்கின்ஸும் 1907-லேயே ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் தவளைத் தசையைச் சுருங்க வைத்தால் அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. பிறகு ஆக்சிஜன் கொடுத்தால் அந்த அமிலம் மறைந்துவிடுகிறது.

ஹில் இதை வெப்பத்தின் வழியாகப் பிடித்தார். தசை ஒருமுறை துடித்தால் அதன் வெப்பநிலை எவ்வளவு கூடும் தெரியுமா? சுமார் 0.003 டிகிரி செல்சியஸ். அவ்வளவுதான். அதை அளக்கிற அளவுக்கு நுட்பமான கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிடைத்த பதில் இதுதான்: வெப்பம் இரண்டு தவணையாக வருகிறது. சுருங்கும்போது ஒரு பங்கு. இதற்கு ஆக்சிஜன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சுருங்கி முடித்த பிறகு மெதுவாக இன்னொரு பங்கு. இது ஆக்சிஜன் இருந்தால் மட்டுமே வரும்.

அதாவது, தசை முதலில் வேலையை முடித்துவிடுகிறது. பில் பிறகுதான் வருகிறது.

இடையில் 1913-ல் மார்கரெட் கெய்ன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். பொருளாதார மேதை ஜான் மேனார்டு கெய்ன்ஸின் தங்கை! முதல் உலகப் போர் வந்ததும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் குறி தவறாமல் சுடுவதற்கான கணக்குகளைப் போட ஒரு குழுவைத் திரட்டினார். கணிதக்காரர்கள் நிறைந்த அந்தக் குழுவுக்கு, ஹில்லின் கொள்ளைக்காரர்கள் என்று பட்டப்பெயர். போர் முடிந்து 1920-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, தவளையை விட்டு மனிதனுக்கு வந்தார். முதல் மனிதன், அவரேதான்.

வட்டம் வட்டமாக ஒரு ஓட்டம்

ஹில் நல்ல ஓட்டக்காரர். ஒரு மைலை 5 நிமிடத்துக்குள் ஓடக்கூடியவர். அதனால் சோதனைக்கு ஆள் தேடி அலையவில்லை.

முதுகில் ஒரு பெரிய காற்றுப் பை. டக்ளஸ் பை என்று பெயர். வாயில் குழாய், மூக்கில் கிளிப். சுமார் 85 மீட்டர் சுற்றளவுள்ள புல்தரை வட்டத்தில், சீரான வேகத்தில் ஓட வேண்டும். சில நிமிடம் ஓடி உடல் ஒரு நிலைக்கு வந்ததும் குழாயைத் திறந்தால், வெளிவிடும் மூச்சு முழுக்கப் பைக்குள் போகும். பிறகு அந்தக் காற்றை அளந்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், உடல் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று தெரிந்துவிடும். இன்று லேபில் மாஸ்க் மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுவதும் இதே சோதனைதான். பை போய் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

வேகம் கூடக்கூட ஹில்லின் ஆக்சிஜன் அளவும் கூடியது. மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 4 லிட்டரைச் சற்றே தாண்டியது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டியும் ஆக்சிஜன் கூடவில்லை. இதயமும் நுரையீரலும் அதற்கு மேல் தர முடியாது என்று முடிவுக்கு வந்தார். இன்று எல்லா வாட்ச்சிலும் இருக்கும் விஓ2 மேக்ஸ் என்கிற உச்ச அளவு பிறந்தது இங்கேதான்.

நம் கதைக்கு இதைவிட முக்கியமானது, அந்த உச்சத்துக்குக் கீழே அவர் கண்டது. மிதமான வேகத்தில் ஓடும்போது, சில நிமிடங்களில் உடல் கேட்கும் ஆக்சிஜனும் உள்ளே வரும் ஆக்சிஜனும் சமமாகிவிடுகின்றன. இதை நிலையான நிலை என்றார். அப்போது லாக்டிக் அமிலம் உருவானாலும் ஏறிக்கொண்டே போகாது. வேகம் ஒரு அளவைத் தாண்டினால் கேட்பது அதிகம், வருவது குறைவு. மிச்சத்தை லாக்டிக் அமிலம் சேர்வதை ஏற்றுக்கொண்டு உடல் கடனாக வாங்குகிறது. ஓட்டம் நின்ற பிறகும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறோமே, அது அந்தக் கடனை அடைக்கிற வேலை.

ஆக்சிஜன் கடன் என்று இதற்குப் பெயர் வைத்தார். மாசக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் யாருக்கும் இது சட்டென்று புரியும். அதனால்தானோ என்னவோ, நூறு ஆண்டாக யாராலும் அந்தச் சொல்லை அழிக்க முடியவில்லை. ஹார்ட்லி லப்டனோடு சேர்ந்து 1923-ல் இதை விரிவாக வெளியிட்டார்.

அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. 1922-க்கான மருத்துவ நோபலை நிறுத்திவைத்திருந்தார்கள். 1923-ல் ஹில்லுக்கும் ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். தசையின் வெப்பத்தை அளந்ததற்காக ஹில்லுக்கு. ஆக்சிஜன் செலவுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள கணக்கைக் கண்டதற்காக மேயர்ஹோஃபுக்கு. போரில் எதிரெதிரே நின்ற இரண்டு நாட்டுக்காரர்கள்.

ரம்ப பிளேடும் சாதனைப் பட்டியலும்

நோபல் வாங்கியவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஓட்டம், நீச்சல், படகு, ஸ்கேட்டிங் என்று கையில் கிடைத்த உலக சாதனைகளை எல்லாம் எடுத்து, எவ்வளவு நேரம் ஓடினால் என்ன வேகம் என்று 1925-ல் வரைபடம் போட்டார். எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி இருந்தன. முதலில் சரேலென்று இறங்கி, பிறகு கிட்டத்தட்ட படுத்துவிடும். ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் என்று மனிதனுக்கு ஒன்று உண்டு என்பதை அந்தப் படுத்த பகுதி காட்டியது. இன்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கிரிட்டிக்கல் பவர் என்று சொல்வதன் தாத்தா இந்தப் படம்தான்.

1927-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் போனார். அங்கே ஓட்டப் பாதையோரம் கம்பிச் சுருள்களை வைத்து, ஓடுபவரின் உடம்பில் காந்தமாக்கிய ரம்ப பிளேடுத் துண்டைக் கட்டிவிட்டார். காந்தம் சுருளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் துள்ளும். அதை வைத்து ஸ்பிரிண்டரின் வேகம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்தார். ஜிபிஎஸ் வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பு!

சென்னையில் படித்தவர் தொட்ட இடம்

அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் நம்பியது இது: தசை சுருங்குவதற்கே லாக்டிக் அமிலம்தான் காரணம். அது உருவாவதால்தான் தசை இழுக்கிறது. ஹில்லின் கணக்குகள் நின்றது இந்த நம்பிக்கையின் மேல்.

1927-ல் முதல் விரிசல். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஹில்லின் துறையிலேயே வேலை பார்த்த பிலிப், கிரேஸ் எக்கிள்டன் தம்பதி, தசையில் புதிதாக ஒரு பாஸ்பேட் பொருளைக் கண்டார்கள். அதே நேரத்தில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் யெல்லாப்ரகட சுப்பாராவும் அதைக் கண்டு, அது பாஸ்போகிரியேட்டின் என்று அடையாளம் சொன்னார்கள். சுப்பாராவ் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி ஆபரேஷன் வகுப்புக்குப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, முழு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்காமல் போனவர். 1929-ல் ஏடிபி-யையும் கண்டார். அதே ஆண்டு, மேயர்ஹோஃபின் லேபில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபி-யைக் கண்டார்.

1930-ல் கோபன்ஹேகனிலிருந்து பெரிய அடி. ஐனார் லண்ட்ஸ்கார்டு என்பவர் தவளைத் தசைக்கு ஒரு நஞ்சைக் கொடுத்தார். அது லாக்டிக் அமிலம் உருவாகும் வழியையே அடைத்துவிடும். அப்படியும் தசை சுருங்கியது. துளி லாக்டிக் அமிலம் இல்லாமல், பாஸ்போகிரியேட்டினைச் செலவழித்துச் சுருங்கியது. ஆக, லாக்டிக் அமிலம் தசையை இயக்குகிற விசை இல்லை.

நோபல் வாங்கித் தந்த துறையின் அடிப்படையே போயிற்று. இந்த இடத்தில் பலர் முரண்டு பிடிப்பார்கள். ஹில் என்ன செய்தார்? 1932-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தசை உடலியலில் புரட்சி என்று அதற்குத் தலைப்பு. புரட்சியில் கவிழ்ந்தது தங்கள் கொள்கைதான் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அடுத்த ஆண்டு, ஹில்லிடம் வேலை கற்ற ரொடால்ஃபோ மார்கேரியா ஹார்வர்டில் இன்னொன்றைக் காட்டினார். ஆக்சிஜன் கடனில் ஒரு பகுதிக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் அளந்த எண்கள் மட்டும் அப்படியே நின்றன. 4 லிட்டர் 4 லிட்டர்தான். நிலையான நிலை நிலையான நிலைதான். ஏன் என்கிற பதில்தான் மாறியது.

லேபுக்கு வெளியே

1933-ல் ஹிட்லர் ஆட்சி யூத அறிஞர்களை வேலையிலிருந்து துரத்தியபோது, அவர்களுக்கு பிரிட்டனில் இடம் தேட ஒரு கவுன்சில் தொடங்கினார்கள். அதை முன்னின்று தொடங்கியவர்களில் ஹில் ஒருவர். ஜெர்மனியைக் கண்டித்து அவர் பேசியதற்கு, நாஜி ஆதரவு இயற்பியலாளர் யோகன்னஸ் ஸ்டார்க் நேச்சர் இதழில் பதில் எழுத, ஒரு நோபல்காரரும் இன்னொரு நோபல்காரரும் பொதுவெளியில் மோதிக்கொண்டார்கள். 1935-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர் பெர்னார்டு காட்ஸைத் தன் லேபில் சேர்த்துக்கொண்டார் ஹில். அந்தக் காட்ஸ் 1970-ல் நோபல் வாங்கினார். கூடவே பரிசு வாங்கிய மேயர்ஹோஃபும் 1938-ல் ஜெர்மனியை விட்டு ஓடவேண்டி வந்தது. பிரான்ஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1940 முதல் 1945 வரை எம்.பி.யாகவும் இருந்தார் ஹில். அந்தச் சமயத்தில்தான் இந்தியா வந்தார். 1943 நவம்பர் முதல் 1944 ஏப்ரல் வரை, இந்தியாவில் அறிவியல் ஆராய்ச்சியை எப்படி அமைக்கலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல. நாட்டுக்கென்று உயர்தர மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி மையம் ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தினார். போர் கமிட்டியும் 1946-ல் அதையே சொன்னது. 1956-ல் டெல்லி எய்ம்ஸ் வந்தது. (இந்த போர், யுத்தம் இல்லை. தலைவர் ஜோசப் போர் பெயரில் அந்த கமிட்டி!)

பெயர் வைத்தது ஹில் இல்லை

த்ரெஷோல்டு என்கிற கோடு எங்கே வந்தது? வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ரத்தத்தில் லாக்டேட் ஆரம்பத்தில் அசையாமல் இருந்து, ஒரு இடத்துக்குப் பிறகுதான் ஏறுகிறது என்பதை 1930-லேயே ஓல்ஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் காட்டியிருந்தார். ஆனால் அனரோபிக் த்ரெஷோல்டு என்று பெயர் வைத்துப் புகழ்பெற வைத்தவர்கள் அமெரிக்காவின் கார்ல்மன் வாசர்மேனும் மால்கம் மெக்கில்ராயும். ஆண்டு 1964.

அவர்கள் யோசித்தது மாரத்தான்காரர்களைப் பற்றி இல்லை, இதய நோயாளிகளைப் பற்றி. இதயம் பலவீனமானவரை உச்சம் வரை ஓடவிட்டு அளக்க முடியாது, ஆபத்து. அதனால் பாதியிலேயே தெரிகிற ஒரு அடையாளம் வேண்டும். லாக்டேட் கூடும்போது ரத்தம் அமிலமாகாமல் இருக்க பைகார்பனேட் அதைச் சமாளிக்கும். அப்போது கூடுதலாக கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதனால் மூச்சும் வேகமாகும். ஆக, மூச்சுக் காற்றை அளந்தாலே போதும், ஊசி குத்தாமல் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். ஹில்லின் பை மறுபடியும் வேலைக்கு வந்தது.

இன்று லேபில் பெரும்பாலும் ஊசியும் உண்டு. டிரெட்மில்லில் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். சும்மா இருக்கும்போது லாக்டேட் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல். அது முதலில் லேசாக ஏறத் தொடங்கும் இடம் ஒன்று. தறிகெட்டு ஏறத் தொடங்கும் இடம் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பலரும் அனரோபிக் த்ரெஷோல்டு என்கிறார்கள். இரண்டுக்கும் அதே பெயரை வைத்துக் குழப்புகிறவர்களும் உண்டு. அதனால் ரிப்போர்ட் கையில் வந்தால் எந்தக் கோடு என்று முதலில் கேளுங்கள்.

1976-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் மாடரும் கூட்டாளிகளும் 4 மில்லிமோல் என்று கோடு போட்டார்கள். வசதியான எண். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாத எண். ஒருவர் 3-லேயே தள்ளாடுவார், இன்னொருவர் 6-ல் சாவகாசமாக ஓடுவார். கறாராக அளக்க வேண்டுமானால் வெவ்வேறு நாட்களில் 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, கடைசி 20 நிமிடத்தில் லாக்டேட் 1 மில்லிமோலுக்கு மேல் ஏறாத உச்ச வேகத்தைத் தேட வேண்டும். கவனித்தீர்களா? ஹில் சொன்ன அதே நிலையான நிலை!

வாட்ச் இதில் எதையும் அளப்பதில்லை. இதயத்துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கிறது. மணிக்கட்டு சென்சார் தடுமாறினால் ஊகமும் தடுமாறும். வெயிலில், தூக்கம் கெட்ட நாளில் துடிப்பே தனியாக எகிறும். லேபுக்குப் போகாமல் ஓரளவு தெரிந்துகொள்ள, பயிற்சியாளர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. நன்றாக வார்ம்-அப் செய்து, தனியாக 30 நிமிடம் முடிந்தவரை சீரான வேகத்தில் ஓடுவது. கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு உங்கள் த்ரெஷோல்டுக்குப் பக்கத்தில் இருக்கும். நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இதயப் பிரச்னையோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

அப்போ ஆக்சிஜன் பத்தலை என்பது?

அங்கேதான் வில்லங்கம். அந்தக் கோட்டைத் தாண்டும்போது தசையில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதில்லை. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும், ஏன், நீங்கள் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் லாக்டேட் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களில் காட்டியது இதுதான்: லாக்டேட் கழிவு இல்லை, எரிபொருள். ஒரு தசை நார் வெளியே தள்ளுவதை இன்னொரு நாரும் இதயமும் எடுத்து எரிக்கின்றன. வேகம் கூடும்போது சர்க்கரை வேகமாக உடைகிறது, வேகமான நார்கள் களத்தில் இறங்குகின்றன, உற்பத்தி எகிறுகிறது. எரிக்கிற வேகத்தை உற்பத்தி முந்தும் இடம்தான் அந்தக் கோடு. நல்ல பயிற்சி செய்வது என்பது பெரும்பாலும் எரிக்கும் திறனை வளர்ப்பதுதான். மறுநாள் கால் வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும்.

ஆகவே அனரோபிக் என்ற பெயர் தப்பு என்று கணிசமான ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அதிக வேகத்தில் ஆக்சிஜன் ஓரளவு இறுக்கமாவதும் காரணம்தான் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் மேல்தான் சண்டை. அந்தக் கோடு இருக்கிறதா என்பதில் இல்லை. என்னைக் கேட்டால், வாட்ச் கம்பெனிகள் லாக்டேட் த்ரெஷோல்டு என்ற பெயரை எடுத்துக்கொண்டது எவ்வளவோ மேல்.

ஹில் 1951-ல் பேராசிரியர் பதவியிலிருந்து விலகிய பிறகும் தவளைத் தசையை விடவில்லை. எழுபது வயதைத் தாண்டியும் அளந்துகொண்டிருந்தார். 1977 ஜூன் 3 அன்று கேம்பிரிட்ஜில் இறந்தபோது வயது 90. ஏழு ஆண்டுகள் கழித்து, 1984-ல், கிளென் கேசரும் அதே புரூக்ஸும் ஆக்சிஜன் கடன் என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்று எழுதி, உடற்பயிற்சிக்குப் பிந்தைய கூடுதல் ஆக்சிஜன் செலவு என்று நீளமாக ஒரு பெயரைப் பரிந்துரைத்தார்கள். ஆங்கிலச் சுருக்கம் எபோக். சில வாட்ச்களில் ஓடி முடித்ததும் டிரெய்னிங் லோடு என்று ஒரு எண் வருகிறதே, அதைக் கணக்கிடுவது இந்த எபோக்கை வைத்துத்தான்.